மாட்டுவண்டியில் ஏறிய செயற்கைக்கோள்

செயற்கைக்கோள் ஒன்றை மாட்டுவண்டியில் ஏற்றி நிறுத்திய ஒளிப்படத்தைக் கண்டு நகைப்போர் இன்றும் உளர். வறுமையின் அடையாளம் என்பர் அவர். நகைப்புக்குரியது வண்டியன்று, அவர்தம் அறியாமையே!

1981-ஆம் ஆண்டு சூன் 19-ஆம் நாள், பிரெஞ்சுக் கயானாவின் கூருவினின்று 'ஏரியன்' ஏவூர்தி வழியாக விண்ணேறிய 'ஆப்பிள்' என்னும் கோள் அது. எடை ஏறத்தாழ 670 கிலோ. பெங்களூரின் தொழிற்கொட்டகைகளில் இரண்டே ஆண்டுகளில் உருவானது. அதன் திட்ட இயக்குநர், பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராய் விளங்கிய தமிழர் வாசகம் ஆவார். அதன் அலைவாங்கியை மாழையின் இடையூறற்ற திறந்த வெளியில் ஆய்ந்து பார்க்க வேண்டியிருந்தது. இரும்புந்தில் ஏற்றின் அவ்வுந்தே அளவீட்டைக் கெடுக்கும், மரவண்டி கெடுக்காது. எனவே மாடுகள் பூட்டப்பெற்றன. இது வறுமையோ, அறிவோ?

முறைமைப் பொறியாளரின் பணி இத்தகையதே. ஏறத்தாழ 22,200 கல் உயரத்தில் நிற்கும் கோளுக்குச் சென்று மீளக் குறிப்பலைக்குக் கால் நொடி ஆகும். மீளுங்கால் அது மிக நலிந்திருக்கும். அலைவலிமையைக் கூட்டினால் மின்னாற்றல் மிகுதியாக வேண்டும். அதற்குக் கதிரவத் தகடு பெருக வேண்டும். தகடு பெருகின் எடை பெருகும். எடை பெருகின் ஏவூர்தி தாங்காது. ஓர் உறுப்பைத் தொட்டால் ஒன்பது உறுப்புகள் அசையும். அவ்வனைத்தையும் ஒருங்கே நிறுத்துப் பார்ப்பவரே அப்பொறியாளர். அவர் பெயரை எவரும் அறியார்; அவர் பிழை செய்தாலோ நாடே அறியும்.

விண்ணில் 'ஆப்பிளின்' கதிரவத் தகடுகளுள் ஒன்று விரியவில்லை. எதிர்பார்த்த மின்னாற்றலும் கிட்டவில்லை. ஆயினும் கோளைக் கைவிட்டாரல்லர். கிடைத்ததைக் கொண்டு ஈராண்டுக்கு மேல், 1983 செப்டம்பர் வரை, தொலைக்காட்சி, வானொலி ஆய்வுகளை நடத்தினர்.

நம் பள்ளிகளோ கணக்கை ஓர் அறையிலும் இயற்பியலை மற்றோர் அறையிலும் அடைத்து வைத்துள்ளன. ஒன்று மற்றொன்றை எங்ஙனம் தாக்கும் என வினவும் மாணவனை, "பாடத்தில் இல்லாததைக் கேளாதே" என அமர்த்துகின்றனர் ஆசிரியர். பெற்றோரோ பொறியியற் பட்டத்தையும் ஊதியத்தையுமே எண்ணுகின்றனர். வினவாத மாணவன் பட்டம் பெறலாம். கோள் அமைக்க இயலாது.

கருவியின் பகட்டு அறிவாகாது. வேலைக்குத் தக்க கருவியைத் தேர்வதே அறிவு. அக்கருவி மாட்டுவண்டியாயினும் நாணற்க!