எட்டரைக் கோடி ‘தண்டமா’?

பெண்ணாடம் கடைவீதியில் ஐபிஎல் ஏலம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஒரு சொல் தவறாமல் வந்து விழுகிறது: ‘தண்டம்’. கோடிகளுக்கு வாங்கப்பட்ட வீரர் சோபிக்காவிட்டால் அவர் தண்டம். கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த எனக்கு இத்தீர்ப்பில் உடன்பாடில்லை. விலை வேறு, வீரர் வேறு.

வருண் சக்கரவர்த்தியை எடுத்துக்கொள்வோம். கட்டடக்கலை பயின்றவர், 2018 டிஎன்பிஎல் தொடரில் மதுரை அணி வாகை சூடத் துணை நின்றவர். அவ்வாண்டு டிசம்பர் ஏலத்தில் அவரது அடிப்படை விலை 20 லட்சம் ரூபாய். பஞ்சாப் அணி கொடுத்ததோ 8.40 கோடி, அதாவது 42 மடங்கு. 2019-இல் கொல்கத்தாவுக்கு எதிரான அறிமுக ஆட்டத்தில் அவரது முதல் ஓவரிலேயே 25 ரன்கள் எடுக்கப்பட்டன. பிறகு விரலில் காயம். அத்தொடரில் அவர் ஆடியது அந்த ஓர் ஆட்டமே. அணி அவரை விடுவித்தது.

அந்த விலையை நிர்ணயித்தவர் வருண் அல்லர். ஏலத்தில் ஒரு பொருளை மிக அதிகமாக மதிப்பிட்டவரே அதை வெல்கிறார்; எனவே வென்றவர் கூடுதல் விலை கொடுத்திருக்கவே வாய்ப்பு அதிகம். 1971-இல் அமெரிக்க எண்ணெய் வயல் ஏலங்களை ஆராய்ந்த பொறியாளர்கள் சுட்டிக்காட்டிய இந்நிலையைப் பொருளியலில் ‘வென்றவரின் சாபம்’ என்கிறோம். குறைவான ஆட்டங்களே ஆடிய புதியவரிடம் மதிப்பீடுகள் பெரிதும் மாறுபடும், சாபமும் கடுமையாகும்.

பஞ்சாப் அணிக்கு நட்டமே இல்லை என்று நான் வாதிடவில்லை. ஏலத்தொகைக்கு உச்சவரம்பு உண்டு. ஒருவருக்குக் கொடுத்த பணம் இன்னொருவருக்கு இல்லை. ஆனால், அது முடிவெடுத்தவர்களின் கணக்கில் எழுதப்பட வேண்டிய நட்டம்.

அதே வருணை அடுத்த ஏலத்தில் கொல்கத்தா 4 கோடிக்கு வாங்கியது. 2020-இல் 17 விக்கெட்டுகள். அணி கோப்பை வென்ற 2024-இல் 21 விக்கெட்டுகள். இடையே 2021 உலகக் கோப்பையில் ஒரு விக்கெட்டும் கிடைக்காமல் இந்திய அணியில் இடம் இழந்தவர், 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் நியூசிலாந்தின் ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தினார். சேலம் மாவட்டத்து நடராஜனின் கதையும் இதுவே. 2017-இல் 3 கோடிக்கு விலைபோய் இரண்டே விக்கெட்டுகள் எடுத்தவரை அடுத்த ஆண்டு ஐதராபாத் 40 லட்சத்துக்கு வாங்கியது. 2021 ஜனவரிக்குள் அவர் மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக ஆடிவிட்டார்.

எல்லோரும் இப்படி மீள்வதில்லை என்பது உண்மைதான். ஆயினும், ஏலத்தொகையை அன்று தெரிந்திருந்த தகவலைக் கொண்டும், வீரரை அவருக்குக் கிடைத்த வாய்ப்பையும் காலத்தையும் கொண்டும் தனித்தனியே எடைபோடுவதே நேர்மை.

வளாகத் தேர்வில் பெருஞ்சம்பளம் பெற்று, ஓராண்டில் வேலையிழந்து ஊர் திரும்பிய மாணவர்களை நான் அறிவேன். அவர்களையும் ஊர் அதே சொல்லால்தான் வரவேற்றது. சம்பளத்தை நிர்ணயித்த நிறுவனத்தின் கணிப்பு தவறியிருக்கலாம் என்று எவரும் யோசிக்கவில்லை. அடுத்த வாய்ப்புவரை அந்த இளைஞர்களைத் தலைநிமிர்ந்து நடக்கவாவது விடுவோம்.