குழப்படிப் பொடியனும் விடுதி வாழ்வும்

விடுதியில் மகனைச் சேர்க்க வரும் பெற்றோர் பலர் வழக்கமாகச் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு. "சுவாமி, இவன் எங்கட சொல்லுக் கேட்கிறானில்லை. கண்ணை மட்டும் விட்டிட்டு அடிச்சுத் திருத்துங்கோ." அவர்கள் இதை நம்பிக்கையோடுதான் சொல்கிறார்கள். பலமுறை இடம்பெயர்ந்து, காணியையும் மாட்டையும் இழந்து, கூலி வேலையில் சீவிக்கிற குடும்பம், மகனாவது ஆளாகட்டும் என்று இரண்டு மூன்று பஸ் மாறி வந்து அவனை ஒப்படைக்கிறது. அந்த நம்பிக்கையை நாம் மதிக்க வேண்டும். ஆனால் அந்த வேண்டுகோளை ஏற்க முடியாது.

குழப்படி என்று நாம் சொல்வது எதை? வன்னியின் ஒதுக்குப்புற விடுதிகளுக்கு வரும் பொடியன்களில் சிலர் பதின்மூன்று வயதிலும் படுக்கையை நனைக்கிறார்கள். சிலர் பாணைத் தலையணைக்குக் கீழ் ஒளித்து வைக்கிறார்கள். சிலர் சும்மா இருந்தவனுக்கு அடிக்கிறார்கள். யாராவது கையை உயர்த்தினால் தலையை மறைத்துக் கொள்கிறார்கள். இவர்கள் போருக்குப் பின் பிறந்தவர்களாயிற்றே, இவர்களுக்கு என்ன பயம் என்று கேட்பவர்கள் உண்டு. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியேறிய இளம் வயதினர் பலர் இன்று தாய் தகப்பன்மார். அவர்களின் நித்திரையின்மையும் கோபமும், சில வீடுகளில் குடியும் கடனும், பிள்ளையின் தலையில்தான் வந்து இறங்குகின்றன. தாய் மத்திய கிழக்கிற்கு வேலைக்குப் போக, அம்மம்மாவோடு வளர்ந்தவனும் இவர்களுள் இருக்கிறான். வாயால் சொல்லத் தெரியாத முறைப்பாட்டை இந்தப் பிள்ளைகள் கையாலும் காலாலும் சொல்கிறார்கள்.

மிளகாய்க் கன்றை நாற்றுமேடையில் இருந்து பிடுங்கி நட்டால் முதல் சில நாட்கள் வாடித்தான் நிற்கும் என்பது கமக்காரருக்குத் தெரியும். வெயில் படாமல் மறைப்புக் கட்டி, அளவாகத் தண்ணீர் விடுவோம். வாடிவிட்டதே என்று கோபித்துப் பிடுங்கி எறிவோமா? வீட்டில் இருந்து பிடுங்கி விடுதியில் நடப்பட்ட பிள்ளைக்கும் அந்தப் பொறுமை வேண்டும்.

இந்த வேலையில் நமக்கு முன்னோடி புனித டொன் பொஸ்கோ. அவரும் ஏழைக் கமக்காரனின் மகன். 1815இல் வட இத்தாலியில் பிறந்தவர். இரண்டு வயது நிரம்புமுன் தகப்பனை இழந்தவர். படிக்க விரும்பியதால் மூத்த அண்ணனோடு பிணக்கு ஏற்பட, பன்னிரண்டு வயதில் வீட்டை விட்டுப் போய் வேறொரு கமக்காரரின் பண்ணையில் வேலை செய்தார். குருவான பின் தூரின் நகரில் வீடற்ற பொடியன்களுக்கு வைக்கோற் பரணில் படுக்க இடம் கொடுத்தார். அவர்களில் சிலர் விரிப்பையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். கடைசியில் வைக்கோலும் களவு போனது. அவர் கதவை மூடிவிடவில்லை. 1847இல் ஒரு மழை இரவில் நனைந்து வந்த அநாதைப் பையனை அவரும் தாயார் மார்கரீத்தாவும் ஏற்றார்கள். தாயார் சமையலறையில் படுக்கை போட்டுக் கொடுத்து, நல்ல வார்த்தை நாலு சொல்லி, செபிக்க வைத்துப் படுக்க விட்டார். காலை வரை சமையலறைக் கதவைப் பூட்டியும் வைத்தார்! அன்பு இருந்தது, அவதானமும் இருந்தது. சலேசிய இல்லங்களில் படுக்கைக்கு முன் சொல்லப்படும் இரவு வார்த்தையின் தொடக்கம் அதுவே.

1877இல் அவர் தமது கல்வி முறையை எழுதியபோது, எவ்விதத்திலும் அடிப்பது, வேதனை தரும்படி முழந்தாளில் நிறுத்துவது, காதைப் பிடித்து இழுப்பது ஆகியவற்றை அடியோடு விலக்கச் சொன்னார். இவை பிள்ளையை எரிச்சலூட்டும், ஆசிரியரையும் தாழ்த்தும் என்பது அவருடைய காரணம். நம் நாட்டில் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை மூலம் பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்தது. பாடசாலையில் தகாதது விடுதியில் மட்டும் தகுமா?

அடி இல்லாவிட்டால் ஒழுங்கு போய்விடும் என்பார்கள். ஒழுங்கு அவசியம். ஆனால் அது நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு நித்திரை, மாலையில் விளையாட்டு, தோட்டத்தில் அவனுக்கென்று ஒரு பாத்தி, தினமும் அதே முகத்தோடு அருகில் நிற்கும் ஒரு பெரியவர் என்பவற்றால் வருவது. ஒருவனே நாற்பது ஐம்பது பொடியன்களைப் பார்க்க வேண்டுமானால், அவன் பிரம்பைத்தான் தேடுவான். ஆகவே கட்டடத்துக்குப் பணம் தேடுமுன் நல்ல மேற்பார்வையாளரைத் தேடுவது நம் திருச்சபையின் கடமை. படுக்கையை நனைக்கிறவனை மற்றவர் முன் வெட்கப்படுத்தாமல் வைத்தியரிடம் காட்டுவதும், பேசாமல் ஒதுங்கி இருப்பவனை உளவளத்துணையாளரிடம் அனுப்புவதும் அந்தக் கடமையில் அடங்கும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஒதுக்குப்புற இடம் அமைதியானது. அதே காரணத்தால் ஆபத்தானதும்கூட. அங்கே நடப்பது வெளியே தெரியாது. சுவாமிமாரின் இடம், கேள்வி கேட்கக் கூடாது என்று நினைக்க வேண்டாம். இரவில் பிள்ளைகளோடு யார் தங்குகிறார்? பிரம்பு பாவிக்கிறார்களா? பிள்ளை நினைத்தபோது வீட்டுக்குத் தொலைபேசியில் பேசலாமா? யாராவது தொந்தரவு செய்தால் யாரிடம் முறையிடலாம்? இவற்றுக்கு நேரான பதில் தராத விடுதியில் பிள்ளையை விடாதீர்கள். அவசரத்துக்குச் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்தைப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள்.

"விடுதியில கொண்டுபோய் விட்டிடுவன்" என்று வீட்டில் வெருட்டவும் வேண்டாம். வெருட்டி அனுப்பப்பட்டவன் தன்னை வேண்டாம் என்று எறிந்துவிட்டார்கள் என்றே நம்புவான். மாதத்தில் ஒரு நாளாவது போய்ப் பாருங்கள். வெறுங்கையோடு போனாலும் பரவாயில்லை. குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, உழுந்து எப்படி விளைந்தது, மாடு கன்று போட்டதா என்று சொல்லுங்கள். தனக்கு ஒரு வீடு இருக்கிறது, அங்கே தன்னைத் தேடுகிறார்கள் என்று தெரிந்த பிள்ளையோடுதான் விடுதியில் நாங்கள் மிகுதி வேலையைச் செய்ய முடியும்.