அழகான ஹோட்டலா? தாழ்வாரத்தைக் காட்டுங்கள்

உலகின் வியப்பூட்டும் ஹோட்டல்கள் என்று கைப்பேசியில் ஒருமுறை தேடிப் பாருங்கள். பாய்மரம்போல் நிற்கும் துபாயின் புர்ஜ் அல் அராப் வரும். மூன்று கோபுரங்கள் சேர்ந்து ஒரு படகைத் தலையில் சுமப்பதுபோல் இருக்கும் நம் மரினா பே சேண்ட்ஸ் வரும். எல்லாம் தூரத்திலிருந்து, பெரும்பாலும் அந்தி மயங்கும் நேரத்தில் எடுத்த படங்கள். பிற்பகல் மூன்று மணி வெயிலில் எடுத்த படம் அரிது. அறைக்குச் செல்லும் தாழ்வாரத்தின் படமோ அதைவிட அரிது.

ஒரு ஹோட்டல் கட்டடம் உண்மையில் சிறந்ததா என்று தீர்மானிக்க எனக்கு அந்த இரண்டு படங்கள்தான் வேண்டும். வெயிலையும் காற்றையும் கட்டடம் எப்படிக் கையாளுகிறது என்பது அவற்றில்தான் தெரியும். நம்மைப்போல் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு அதைவிட முக்கியமான கேள்வி வேறு இல்லை என்பது என் கருத்து.

வெயிலை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அங்குள்ள விடாரா ஹோட்டல் 2009ஆம் ஆண்டு இறுதியில் திறக்கப்பட்டது. பிறைபோல் வளைந்த உயரமான கண்ணாடிச் சுவர், அதன் கீழே நீச்சல் குளம். பார்க்க மிக அழகு. ஆனால் அந்தச் சுவர் தெற்கு நோக்கி உள்வளைந்திருந்தது. உள்வளைந்த கண்ணாடி என்ன செய்யும் என்பதை ஒளியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். இணையாக வந்து விழும் கதிர்களை வளைவின் ஆரத்தில் ஏறத்தாழ பாதித் தொலைவில் குவிக்கும். குளத்தருகே படுத்திருந்த விருந்தினர் ஒருவர் தம் முடி கருகியதாகவும் பிளாஸ்டிக் பை உருகியதாகவும் கூறியது 2010இல் உலகச் செய்தியானது. சூரியன் நகர நகர அந்தச் சுடுபுள்ளியும் குளத்தோரம் ஊர்ந்துகொண்டே இருந்தது. அதனால் ஓரிடத்தில் மட்டும் குடை வைத்துத் தப்பிக்க முடியவில்லை.

அதே கட்டடக் கலைஞர் ரஃபேல் வின்யோலி வடிவமைத்த லண்டன் அலுவலகக் கோபுரம் ஒன்றும் 2013இல் இதே வேலையைச் செய்தது. தெருவில் நிறுத்தியிருந்த காரின் பாகங்கள் வெப்பத்தில் நெளிந்தன. பிறகுதான் அதன் முகப்பில் வெயில் தடுப்புத் தகடுகள் பொருத்தப்பட்டன. உயர்நிலைப் பள்ளி மாணவர் காகிதத்தில் வரைந்து காட்டக்கூடிய கதிர்ப்படம்தான் இது. கோடிக்கணக்கில் செலவழித்த கட்டடத்தில் அது தவறியிருக்கிறது!

இவை அரிய விபத்துகள். நாள்தோறும் நடக்கும் பிரச்சினை சத்தமில்லாதது. வெயிலின் ஒளியும் அதனுடன் வரும் குற்றலை வெப்பக் கதிர்களும் சாதாரணக் கண்ணாடியை எளிதில் கடந்து உள்ளே வந்துவிடும். தரையும் நாற்காலியும் அவற்றை உள்வாங்கிச் சூடாகி, நெட்டலை வெப்பக் கதிர்களை வெளிவிடும். அந்தக் கதிர்களைக் கண்ணாடி எளிதில் வெளியே விடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குளிர்நாடுகளில் இது ஒரு வரம். குளிர்காலச் சூரியனைப் பிடித்து வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். அங்கே பிறந்த கண்ணாடிக் கோபுரத்தை அப்படியே தூக்கி வந்து கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ நட்டால், அந்த வரம் மின்கட்டணமாக மாறிவிடும்.

குளிர்சாதனம் இருக்கிறதே என்கிறீர்களா? குளிர்சாதனம் வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு மூன்று யூனிட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அது வெளியே தள்ளுவது மூன்று அல்ல, நான்கு யூனிட். செலவான மின்சாரமும் கடைசியில் வெப்பமாகத்தானே முடியும்? உள்ளே இருப்பவர் குளிர்ச்சியை அனுபவிக்கிறார். அவர் அறையின் வெப்பத்தோடு இயந்திரத்தின் வெப்பமும் சேர்ந்து வெளியில் இருப்பவர்கள்மேல் போகிறது. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் நீங்களும் அவர்களில் ஒருவர்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஒரு பாகைக்குச் சற்று வடக்கே இருக்கிறது. ஆண்டு முழுவதும் சூரியன் கிழக்கே எழுந்து, ஏறத்தாழ தலைக்குமேல் சென்று, மேற்கே இறங்குகிறது. எனவே கூரைக்கு அடுத்தபடி அடி வாங்குபவை கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும்தான். வடக்கு, தெற்குச் சுவர்களில் வெயில் சாய்வாகத் தடவிச் செல்லும். சிறிய சன்ஷேடு போதும், நிழல் கிடைத்துவிடும். வீவக புளோக்குகள் பலவற்றின் நீளமான பக்கங்கள் வடக்கு, தெற்கு பார்த்து இருப்பதற்கு இதுவே காரணம்.

மரினா பே சேண்ட்ஸைப் பாருங்கள். 2010இல் திறக்கப்பட்ட அதன் மூன்று கோபுரங்களின் அகன்ற முகங்கள் மேற்கே நகரத்தையும் கிழக்கே கடலையும் பார்க்கின்றன. காட்சிக்கு ஏற்ற திசைகள், வெயிலுக்கு ஏற்காத திசைகள். எல்லாரும் உச்சியில் உள்ள நீச்சல் குளத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். 340 மீட்டர் நீளமுள்ள அந்த வான்பூங்கா சாதாரணப் பொறியியல் அல்லதான். மூன்று கோபுரங்களும் காற்றில் தனித்தனியாக அசையும் என்பதால், அவற்றை இணைக்கும் தளத்தில் அசைவதற்கு இடம் விட்ட மூட்டுகள் இருக்கின்றன. ஆனால் என் கண்ணைக் கவர்வது வேறொன்று. ஒரே கோபுரத்துக்கு இரண்டு முகங்கள். மேற்கே இரட்டைக் கண்ணாடிச் சுவரும் நிழல் தரும் நீட்டுத் தகடுகளும். கிழக்கே செடிகள் வளரும் ஆழமான மாடங்கள். கட்டடக் கலைஞர் மோஷே சாஃப்டி வெயிலை மறக்கவில்லை. காட்சியை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் வெயிலோடு சமரசம் செய்துகொண்டார் என்றே சொல்வேன்.

புர்ஜ் அல் அராபும் அப்படித்தான். 1999இல் திறக்கப்பட்ட அதன் உயரம் 321 மீட்டர். அதில் மேல்பகுதி 124 மீட்டர், அதாவது 39 விழுக்காடு, யாரும் தங்கவோ பயன்படுத்தவோ முடியாத வெறும் உயரம் என்று உயர்மாடிக் கட்டடங்களை ஆராயும் அனைத்துலக மன்றம் 2013இல் கணக்கிட்டது. படத்துக்காகக் கட்டிய உயரம்! ஆனால் கரையைப் பார்க்கும் அதன் ‘பாய்’ வெறும் அலங்காரம் அல்ல. டெஃப்லான் பூசிய கண்ணாடியிழைத் துணி அது. பாலைவனச் சூரியனின் கூசும் ஒளியை வடிகட்டி, மென்மையான வெளிச்சமாக உள்முற்றத்துக்குள் அனுப்புகிறது. அந்தத் துணியைப் பாராட்டுகிறேன். அந்த 124 மீட்டரை என்னால் பாராட்ட முடியவில்லை.

இப்போது தாழ்வாரத்துக்கு வருவோம். பெரும்பாலான ஹோட்டல்களில் நடுவில் ஒரு தாழ்வாரம், இரு பக்கமும் அறைகள். சன்னல் கிடையாது. இரவும் பகலும் விளக்கு எரிய வேண்டும், குளிர்சாதனம் ஓட வேண்டும். ஒரு விருந்தினர் அதில் நடப்பது நாளுக்குச் சில நிமிடங்கள். மற்ற நேரமெல்லாம் தரைவிரிப்பும் தீயணைப்புக் கருவியும்தான் அந்தக் குளிரை அனுபவிக்கின்றன. ஏன் இப்படிக் கட்டுகிறார்கள்? ஒரே தாழ்வாரத்துக்கு இரு பக்கமும் அறை வைத்தால் மாடிக்கு அதிக அறைகள் கிடைக்கும். இது அறிவியல் கணக்கு அல்ல, வாடகைக் கணக்கு.

அந்தக் கணக்கை மாற்றிப் போட்ட கட்டடம் ஒன்று அப்பர் பிக்கரிங் ஸ்திரீட்டில் இருக்கிறது. ஹோங் லிம் பூங்காவுக்கு எதிரே, பாறை அடுக்குகள்போல் வளைந்து செல்லும் தளங்களும் அவற்றிலிருந்து வழியும் செடிகளுமாக நிற்கும் பார்க்ராயல் ஹோட்டல் அது. சிங்கப்பூரின் வோஹா நிறுவனம் வடிவமைத்து 2013இல் திறக்கப்பட்டது. அதன் பசுமைப் பரப்பு 15,000 சதுர மீட்டர். கட்டடம் நிற்கும் நிலத்தைவிட இரு மடங்குக்கும் அதிகம். பத்திரிகைகள் அந்தப் பச்சையைத்தான் படம் எடுத்தன. எனக்கு அதன் தாழ்வாரங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. அவை மூடிய குகைகள் அல்ல. காற்று வந்துபோகும், செடிகள் வளரும் திறந்த நடைவழிகள். அங்கே குளிர்சாதனம் தேவைப்படுவதில்லை.

இதில் புதுமை என்ன என்று நீங்கள் கேட்கலாம். வீவக வீட்டில் வளர்ந்தவர் என்றால் கேட்கத்தான் செய்வீர்கள். உங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால் இருப்பதும் அதே தாழ்வாரம்தானே! பக்கத்து வீட்டுப் பாட்டி தொட்டியில் கறிவேப்பிலை வளர்க்கும் இடம். 1887இல் தொடங்கிய ராஃபிள்ஸ் ஹோட்டலின் அறைகளுக்கு முன்னால் இருக்கும் வராந்தாக்களும், பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையும் அதே அறிவுதான். நிழல் வேண்டும், காற்று அசைய வேண்டும். காற்று அசைந்தால் வியர்வை ஆவியாகும். ஆவியாகும்போது தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்லும். இடையில் குளிர்சாதனம் வந்த பிறகு பணக்காரக் கட்டடங்கள் இதை மறந்தன. இப்போது ஆடம்பரம் என்ற பெயரில் அது திரும்பி வருகிறது. எனக்கு இதில் கொஞ்சம் சிரிப்பும் வருகிறது.

தஞ்சோங் பகாரில் 2016இல் கட்டி முடிக்கப்பட்ட ஓயேசியா ஹோட்டலும் வோஹாவின் படைப்புதான். 27 மாடிக் கோபுரத்தைச் சிவப்பு அலுமினிய வலை போர்த்தியிருக்கிறது. 21 வகைக் கொடிகள் அதில் ஏறுகின்றன. கோபுரத்தின் இடையிடையே சுவரே இல்லாத பெரிய வான்மாடங்களைத் திறந்து விட்டிருக்கிறார்கள். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகிறது.

செடி எப்படிக் குளிர்விக்கிறது? ஒரு லிட்டர் நீர் இலைகளின் வழியே ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. 1,000 வாட் சூடேற்றி ஒன்று 40 நிமிடங்கள் தரும் வெப்பம் அது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். ஆவியாதல் மெதுவாகத்தான் நடக்கும். அதனால் செடி செய்யும் பெரிய உதவி நிழல் தருவதே. இங்கே ஒரு சோதனை வைக்கலாம். கொடி வெயிலுக்கும் சுவருக்கும் நடுவே நிற்கிறதா? நின்றால் அது வேலை செய்கிறது. வரவேற்புக் கூடத்தின் குளிரூட்டப்பட்ட மூலையில் விளக்கொளியில் நிற்கும் ‘பசுமைச் சுவர்’ வெறும் நகை. இப்போது பல கட்டடங்கள் அந்த நகையை மாட்டிக்கொண்டு பசுமைக் கட்டடம் என்று பெயர் வாங்கப் பார்க்கின்றன.

திறந்த தாழ்வாரத்துக்கும் விலை உண்டு, மறைக்கக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் அறை வைத்தால் அறைகளின் எண்ணிக்கை குறையும். 24 பாகை செல்சியஸ் அறையின் கதவைத் திறக்கும்போதெல்லாம் வெளியே இருக்கும் ஈரக்காற்று உள்ளே வந்து, குளிர்ந்த பரப்புகளில் நீர்த்துளியாகப் படியும். கவனிக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும். செடிகளுக்குத் தோட்டக்காரர் வேண்டும், நீர் வேண்டும். நனைந்த மண்ணின் எடையைத் தாங்கத் தளம் வலுவாக இருக்க வேண்டும். சாரல் மழையில் நடைவழி நனையும். பெரும் பணம் கொடுத்துத் தங்குபவர், ‘நான் ஏன் வியர்க்க வேண்டும்?’ என்று கேட்டால் அது நியாயமற்ற கேள்வியும் அல்ல.

இருந்தாலும் அவருக்கு ஒரு பதில் உண்டு. உங்கள் அறை குளிராகவே இருக்கும். மின்தூக்கியிலிருந்து அறைக்கதவு வரையிலான ஒரு நிமிடம் மட்டும்தான் எங்கள் ஊர்க் காற்றில் நடக்கப் போகிறீர்கள். அந்த ஒரு நிமிடத்துக்காக ஒரு முழுக் கட்டடத்தின் நடுப்பகுதியை 24 மணி நேரமும் குளிர்விப்பது ஆடம்பரம் அல்ல, வீண். சிங்கப்பூரில் விதிகளும் ஓரளவு உதவுகின்றன. நிபந்தனைகளுக்கு உட்பட்ட வான்மாடங்களைக் கட்டடத்தின் மொத்தத் தளப்பரப்பில் சேர்க்காமல் விடுகிறார்கள். அதனால் காற்றுக்கு விட்ட இடம் உரிமையாளருக்கு நட்டம் ஆவதில்லை. என் விருப்பம் இன்னும் ஒரு படி மேலே. ஒரு ஹோட்டலுக்கு நட்சத்திரம் வழங்கும்போது, மெத்தையின் மென்மையோடு தாழ்வாரத்தின் மின்சாரச் செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இதைப் படித்ததும் ஹோட்டலுக்குப் போக வேண்டியதில்லை. வெயில் அடிக்கும் ஒரு நாளில், மாலை ஐந்து மணிக்கு, உங்கள் பள்ளியின் மேற்குச் சுவரில் கை வையுங்கள். பிறகு வடக்குச் சுவரில் வையுங்கள். வகுப்பறைகளுக்கு வெளியே உள்ள நடைவழி திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டுக் கண்டுபிடியுங்கள். அடுத்த முறை யாராவது ஒரு பிரம்மாண்டமான ஹோட்டலின் படத்தைக் காட்டினால், வடக்கு எந்தப் பக்கம் என்று அவர்களிடம் கேளுங்கள்.