சிக்கனம் என்கிற உவமை

கடன்பட்ட அரசும் கடன்பட்ட குடும்பஸ்தனும் ஒன்றுதான், இருவரும் வயிற்றைக் கட்டத்தான் வேண்டும் என்று போன இதழில் நண்பர் எழுதியிருந்தார். கவிதையில் இப்படியொரு உவமை வந்திருந்தால் விட்டிருப்போமா?

உவமை அவருடையதுமல்ல. ஸ்வாபிய இல்லத்தரசியைக் கேளுங்கள் என்று 2008-இல் ஏஞ்சலா மெர்க்கல் சொன்னதுதான். இல்லத்தரசி செலவைக் குறைத்தால் கணவனின் சம்பளம் குறைவதில்லை. அரசு குறைத்தால் குறைகிறது. ஒருவன் செலவுதான் இன்னொருவன் வரவு. வங்கிக் கவுண்டரில் உட்காருகிறவனுக்கு இது தெரியப் பொருளாதாரப் பட்டம் வேண்டாம். (என்னுடையது ஆங்கில பி.ஏ.) 2010-இலிருந்து கிரீஸ் சம்பளத்தையும் பென்ஷனையும் வெட்டியது. மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு போயிற்று. 2013-இல் வேலையின்மை 27 சதவீதம். உற்பத்தி சுருங்கச் சுருங்கக் கடன் விகிதம் ஏறியது. முன்பு கிரீஸ் கணக்கைத் திரித்துக் காட்டவில்லையா? காட்டியது. அதனால் மருந்து சரியாகிவிடாது.

வெட்டுக்கு வேதமாயிருந்த ரைன்ஹார்ட்-ரோகாஃப் கட்டுரை (2010) இன்னும் விசேஷம். கடன் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி -0.1 என்றது. 2013-இல் ஹெர்ண்டன் என்ற மாணவர் அவர்களுடைய கணக்குத்தாளை வாங்கிப் பார்த்தார். சராசரியில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. மற்றத் தவறுகளையும் திருத்தியபின் வந்த எண் 2.2. மாலையில் பத்து ரூபாய் உதைத்தால் என்னை வீட்டுக்கு விடமாட்டார்கள்.

நண்பர் பதில் எழுதட்டும். குடும்பஸ்தனை விட்டுவிட்டு எழுதட்டும்.