எடை பார்க்கும் சட்டம், வீரியம் பார்க்கும் சந்தை: ஹைட்ரோபோனிக் கஞ்சா வழக்குகளில் எழும் சிக்கல்

பாங்காக்கில் இருந்து சென்னை, மும்பை, பெங்களூரு, கொச்சி விமான நிலையங்களில் வந்திறங்கும் பயணிகளின் பெட்டிகளில் ஹைட்ரோபோனிக் கஞ்சா பிடிபட்டதாக அண்மைக் காலமாக அடிக்கடி செய்தி வெளியாகிறது. உணவுப் பொட்டலங்களுக்கு நடுவே காற்று நீக்கி ஒட்டப்பட்ட நெகிழி உறைகள், அவற்றின் எடை, அவற்றின் மதிப்பு இத்தனை கோடி ரூபாய் என்ற வரி. இவை மூன்றும் அச்செய்திகளில் தவறாமல் இடம்பெறும். கைதான பயணிக்கு அதன் பிறகு என்ன நேர்ந்தது என்பது மட்டும் பெரும்பாலும் செய்தியாவதில்லை.

சர்வதேசச் சந்தை நிலவரத்தைக் காட்டி சுங்கத்துறை இதற்குக் கணக்கிடும் மதிப்பு, மும்பை வழக்குகள் பலவற்றில் கிலோவுக்கு ஏறத்தாழ 1 கோடி ரூபாய். ஆனால் நீதிமன்றத்தில் வழக்கு விசாரணைக்கு வரும்போது இந்த 1 கோடிக்குப் பொருள் இல்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம், பிடிபட்ட பொருளின் விலையையோ அதன் வீரியத்தையோ பார்ப்பதில்லை. எடையை மட்டுமே பார்க்கிறது. மலையடிவாரத்தில் மழையிலும் வெயிலிலும் விளைந்த கஞ்சாவுக்கும், குளிரூட்டப்பட்ட அறையில் விளக்கொளியில் வளர்ந்த கஞ்சாவுக்கும் அச்சட்டத்தில் ஒரே வரிதான் உள்ளது.

ஹைட்ரோபோனிக் என்பது செடியின் இனப்பெயர் அன்று. வளர்ப்பு முறையின் பெயர். மண் இல்லாமல், ஊட்டச்சத்து கரைத்த நீரில் வேரை வைத்து, ஒளி, வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தி வளர்க்கும் இம்முறையில் கீரையும் தக்காளியும் நம் நகரங்களின் மொட்டை மாடிகளிலேயே விளைகின்றன. கஞ்சாவைப் பொறுத்தவரை, தேர்ந்தெடுத்த கலப்பினங்களும் கட்டுப்படுத்தப்பட்ட சூழலும் சேரும்போது போதை தரும் வேதிப்பொருளான டிஎச்சியின் அளவு பெரிதும் உயர்கிறது. அமெரிக்காவில் பறிமுதல் செய்யப்பட்ட கஞ்சாவை ஆண்டுதோறும் பரிசோதித்து வந்த மிசிசிப்பி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 1995இல் சராசரியாக 4 சதவீதமாக இருந்த டிஎச்சி 2014இல் ஏறத்தாழ 12 சதவீதமாக உயர்ந்ததைப் பதிவு செய்துள்ளனர். ஒரே எடையில் மூன்று மடங்கு போதை என்பது இதன் பொருள்.

கிலோ கணக்கின் விளைவு

மத்திய அரசு 2001 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையின்படி கஞ்சாவுக்கு 'சிறிய அளவு' 1 கிலோ. 'வணிக அளவு' 20 கிலோ. சிறிய அளவு எனில் தண்டனை அதிகபட்சம் ஓராண்டு. வணிக அளவைத் தாண்டினால் குறைந்தபட்சம் 10 ஆண்டுகள், அதிகபட்சம் 20 ஆண்டுகள். இரண்டுக்கும் இடைப்பட்ட அளவுக்கு 10 ஆண்டுகள் வரை சிறை. ஆனால் குறைந்தபட்சத் தண்டனை என ஒன்று இல்லை.

தண்டனையை விடவும் முக்கியமானது ஜாமீன். அரசுத் தரப்பைக் கேட்ட பிறகு, குற்றம் சாட்டப்பட்டவர் குற்றமற்றவர் என நம்பப் போதிய காரணம் இருப்பதாக நீதிமன்றம் கருதினால் மட்டுமே ஜாமீன் வழங்கலாம் என்னும் 37ஆவது பிரிவின் கடுமை, கஞ்சா வழக்குகளில் வணிக அளவுக்கே பொருந்தும். குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய 180 நாட்கள் வரை அவகாசம் என்ற விதியும் அவ்வாறே. ஒரு பயணப் பெட்டியில் 20 கிலோ கொண்டு வருவது எளிதன்று. ஐந்து கிலோவோ பத்து கிலோவோ கொண்டு வருபவர், சுங்கத்துறையின் கணக்கில் ஐந்து கோடி, பத்து கோடி ரூபாய்ச் சரக்குடன் பிடிபட்டவர்; சட்டத்தின் கணக்கில் இடைநிலை அளவு வழக்கில் சிக்கியவர். 900 கிராம் கொண்டு வந்தவரோ, 90 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சரக்கை வைத்திருந்தும் ஓராண்டுத் தண்டனைக்குரிய சிறிய அளவு வழக்கில் அடங்கிவிடுகிறார்.

இதே அறிவிக்கையில் ஹெராயினுக்கு வணிக அளவு 250 கிராம், கொகைனுக்கு 100 கிராம். கஞ்சாச் செடியின் பிசினான சரஸுக்கு 1 கிலோ. ஒரே செடியில் இருந்து கிடைத்தாலும், வீரியம் கூடிய சரஸுக்குப் பூவை விட இருபது மடங்கு குறைவான அளவையே சட்டம் எல்லையாக வைத்தது. அதாவது, வீரியத்தை அளவுகோலாகக் கொள்ளும் சிந்தனை சட்டத்துக்கு முற்றிலும் அந்நியமானதன்று. பூவே பிசினுக்கு நிகரான வீரியத்தை நெருங்கும் ஒரு காலம் வரும் என்பதை 2001இல் அறிவிக்கை எழுதியவர்கள் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவே.

போதைப்பொருளுடன் கலந்த பிற பொருளின் எடையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. தூய்மையின் அளவு அல்ல, மொத்த எடையே கணக்கு என்ற நிலை அதனால் மேலும் உறுதிப்பட்டது. வழக்கமான கஞ்சா வழக்குகளில் வழக்கறிஞர்கள் எழுப்பும் ஒரு வாதம் உண்டு. சட்டத்தின் விளக்கப்படி பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப்பகுதி மட்டுமே கஞ்சா; மூட்டையில் இருந்த இலை, விதை, தண்டு ஆகியவற்றைக் கழித்தால் எடை குறையும் என்பார்கள். ஹைட்ரோபோனிக் வழக்குகளில் அந்த வாதத்துக்கு இடமில்லை. உறைகளில் இருப்பது பூ மட்டுமே. ஆனால் எல்லையே 20 கிலோவாக இருக்கும்போது எதிர்த்தரப்புக்கு அந்த வாதம் தேவையும் இல்லை.

தொட்டியில் ஒரு செடி

முரண்பாடு இத்துடன் முடியவில்லை. கஞ்சாச் செடி வளர்ப்பதைத் தண்டிக்கும் 20ஆவது பிரிவின் முதல் உட்கூறு, செடிகளின் எண்ணிக்கையையும் எடையையும் பொருட்படுத்துவதில்லை. பால்கனித் தொட்டியில் ஒரு செடி வளர்த்தாலும் 10 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க இடமுண்டு. ஒரு ஏக்கரில் பயிரிட்டாலும் அதே 10 ஆண்டுகள்தான். சுருங்கச் சொன்னால், 900 கிராம் உயர்ரகப் பூவை வெளிநாட்டில் இருந்து கடத்தி வருபவருக்கு ஓராண்டு. சொந்தப் பயன்பாட்டுக்கென ஒரு செடியை வளர்ப்பவருக்குப் பத்தாண்டு வரை. இதில் எது சமூகத்துக்குக் கூடுதல் தீங்கு என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை என்றே தோன்றுகிறது.

வீட்டுக்குள் வளர்ப்பது வெறும் கற்பனை அன்று. பெங்களூருவை அடுத்த பிடதியில் வாடகை வீட்டுக்குள் ஹைட்ரோபோனிக் முறையில் கஞ்சா வளர்த்ததாக 2021இல் வெளிநாட்டவர்கள் கைதாயினர். கர்நாடகத்தின் சிவமொக்காவில் 2023 ஜூனில் மருத்துவ மாணவர்கள் தங்கியிருந்த வாடகை வீட்டில் இத்தகைய அமைப்பு கண்டுபிடிக்கப்பட்டது. 2024 நவம்பரில் கிரேட்டர் நொய்டாவின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் 80க்கும் மேற்பட்ட தொட்டிகள் சிக்கின. விதைகளை வெளிநாட்டு இணையதளம் வழியே வாங்கியதாகக் காவல்துறை தெரிவித்தது. வயலில் இருந்த பயிர் வரவேற்பறைக்கு வந்திருக்கிறது. ட்ரோனும் செயற்கைக்கோள் படமும் கொண்டு மலைகளில் பயிரைத் தேடி அழிக்கும் உத்தி இங்கே உதவாது.

அப்படியெனில் எப்படிக் கண்டுபிடிப்பது? விளக்குகளும் குளிர்சாதனமும் இடைவிடாது இயங்குவதால் மின்கட்டணம் காட்டிக்கொடுக்கும் என்பது பல நாட்டுக் காவல்துறைகளின் அனுபவம். அமெரிக்காவின் மொத்த மின் நுகர்வில் ஏறத்தாழ 1 சதவீதம் உள்ளரங்கக் கஞ்சா வளர்ப்புக்கே செல்வதாக 2012இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஒரு கிலோ உலர்ந்த பூவை உள்ளரங்கில் விளைவிக்க, இடத்தைப் பொறுத்து 2,283 முதல் 5,184 கிலோ வரை கரியமில வாயுவுக்கு இணையான உமிழ்வு ஏற்படுகிறது என்று கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் கணக்கிட்டனர். 'இயற்கை மூலிகை' என்று இதை வர்ணிப்பவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு இது.

ஆனால் மின்கட்டணத்தையும் இணையவழிக் கொள்முதலையும் கொண்டு வீடுகளைச் சந்தேகிக்கத் தொடங்கினால், மாடியில் கீரை வளர்ப்பவரும் மீன்தொட்டி வைத்திருப்பவரும் அதே வலைக்குள் வருவர். எல்இடி விளக்கும் ஊட்டச்சத்துக் கரைசலும் சட்டவிரோதப் பொருட்கள் அல்ல. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்து வீடு ஒன்றின் சுவரில் இருந்து கசியும் வெப்பத்தைக் கருவியால் அளந்து, உள்ளே கஞ்சா வளர்ப்பதைக் காவல்துறை கண்டறிந்தது. நீதிமன்ற ஆணை இன்றி அவ்வாறு அளந்ததே வீட்டைச் சோதனையிட்டதற்குச் சமம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2001இல் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. கைலோ வழக்கு என அறியப்படும் இத்தீர்ப்பில் அன்று எழுந்த கேள்வி, தனியுரிமையை அடிப்படை உரிமையாக நம் உச்ச நீதிமன்றம் 2017இல் அறிவித்த பிறகு இந்தியாவிலும் எழாமல் இராது. இடைப்பட்ட காலத்தில் சுமை வீட்டு உரிமையாளர் மீதும் விழுகிறது. தம் இடம் இக்குற்றத்துக்குப் பயன்படுவதைத் தெரிந்தே அனுமதிப்பவரையும் 25ஆவது பிரிவு தண்டிக்கிறது. 'தெரிந்தே' என்ற சொல்லே உரிமையாளருக்குப் பாதுகாப்பு என்றாலும், அதை நிறுவும் வரை அலைச்சல் அவருடையது.

தாய்லாந்தின் தளர்வும் இறுக்கமும்

இந்தக் கடத்தல் ஏன் இப்போது பெருகியது என்பதற்குப் பதில் பாங்காக்கில் உள்ளது. 2022 ஜூன் 9 அன்று தாய்லாந்து கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலில் இருந்து நீக்கியது. விரிவான ஒழுங்குமுறைச் சட்டம் எதுவும் நிறைவேறாத நிலையில் ஆயிரக்கணக்கான கடைகள் திறக்கப்பட்டன, உற்பத்தி உள்நாட்டுத் தேவையை விஞ்சியது, விலை சரிந்தது. சில மணி நேர விமானத் தொலைவில், அதே பொருளுக்குப் பன்மடங்கு விலை தரும் நகரங்கள் இந்தியாவில் இருந்தன. இலவச விமானச் சீட்டு, தங்குமிடம், கையில் சிறு தொகை என ஆசை காட்டி இளைஞர்களைச் சுமப்பவர்களாக மாற்றுவது அதன் பிறகு கடினமாக இருக்கவில்லை. தங்கம் கடத்திய காலத்தில் சென்னையில் 'குருவி' என்று அழைக்கப்பட்டவர்களின் இடத்துக்கு இன்று இவர்கள் வந்திருக்கிறார்கள்.

2025 ஜூன் இறுதியில் தாய்லாந்து அரசு பின்வாங்கியது. மருத்துவரின் சீட்டு இல்லாமல் கஞ்சாப் பூவை விற்கக் கூடாது என ஆணையிட்டது. இதனால் வரத்து குறையலாம். ஆனால் தேவை குறையாது. தரமான சரக்குக்குப் பழகிய ஒரு நுகர்வோர் கூட்டம் இங்கு உருவாகிவிட்ட பின் எல்லையை அடைத்தால், உற்பத்தி உள்ளே நகரும் என்பதே இயல்பு. கிரேட்டர் நொய்டா வழக்கை அந்தத் திசையைக் காட்டும் அறிகுறியாகவே கொள்ள வேண்டும்.

வீட்டில் வளர்ப்பதை வேறு வகையில் அணுகிய நாடுகளும் உண்டு. கனடா 2018இல் வீட்டுக்கு 4 செடிகள் வரை அனுமதித்தது. ஜெர்மனி 2024 ஏப்ரல் முதல் வயது வந்த ஒருவருக்கு 3 செடிகள் வரை அனுமதிக்கிறது. இந்தியா அந்த வழியில் செல்ல வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம் அன்று. 2019இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வின்படி நாட்டில் 10 முதல் 75 வயதுக்குட்பட்டோரில் 2.8 சதவீதத்தினர், அதாவது சுமார் 3.1 கோடிப் பேர் பாங்கு உள்ளிட்ட கஞ்சாப் பொருட்களைப் பயன்படுத்தினர். அவர்களில் ஏறத்தாழ 72 லட்சம் பேருக்கு உதவி தேவைப்பட்டது. வீரியம் கூடும்போது இந்த எண்ணிக்கை குறையப்போவதில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்நாடுகள் ஒரு செடிக்கும் நூறு செடிக்கும் இடையே கோடு வரைந்துள்ளன. நம் சட்டம் அந்தக் கோட்டை வரையவில்லை.

எனினும் வீரியத்தைக் கணக்கிடும் முறை இங்கு முற்றிலும் புதிதன்று. உத்தராகண்ட் மாநிலம் தொழிற்துறைச் சணலுக்கு அனுமதி வழங்கியபோது டிஎச்சி 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தது. நாருக்காக வளர்ப்பவரின் செடியில் சதவீதத்தை அளக்க முடியும் என்றால், விமான நிலையத்தில் பிடிபட்ட பூவிலும் அளக்க முடியும். நடைமுறைத் தடை தடயவியல் ஆய்வகங்களில் உள்ளது. கஞ்சா வழக்குகளில் மாதிரி கஞ்சாதானா என்று உறுதிசெய்வதே பெரும்பாலும் அவற்றிடம் கேட்கப்படுகிறது. எத்தனை சதவீதம் என்று கேட்கப்படுவதில்லை. கேட்டால் கருவியும் வேண்டும், ஆட்களும் வேண்டும். வழக்குத் தேக்கமும் கூடும்.

எல்லையை 20 கிலோவில் இருந்து வெறுமனே குறைத்துவிடலாம் என்ற யோசனை எளிதாகத் தோன்றும். ஆனால் அது வீரியம் குறைந்த நாட்டுக் கஞ்சாவுடன் சிக்கும் கூலித் தொழிலாளியையும் மலைவாழ் மக்களையும் முதலில் பாதிக்கும். பெட்டியைச் சுமந்து வந்தவர் பத்தாண்டுகள் உள்ளே இருப்பார். பயணச்சீட்டு எடுத்துக்கொடுத்தவரின் பெயர் குற்றப்பத்திரிகையில் அடையாளம் தெரியாத நபர் என்றே நிற்கும். பணம் கொடுத்து இயக்குபவரைத் தண்டிக்கும் 27ஏ பிரிவு சட்டத்தில் இருக்கிறது. 37ஆவது பிரிவின் ஜாமீன் கடுமை அதற்கும் உண்டு, எடை எவ்வளவாயினும் பொருந்தும். அதைப் பயன்படுத்தப் பயணச்சீட்டு வாங்கிய வங்கிக் கணக்கில் தொடங்கி விசாரணை பின்னோக்கிச் செல்ல வேண்டும். பெட்டி பிடிபட்ட இடத்திலேயே நின்றுவிடும் விசாரணையால் அது இயலாது.

வீரியத்துக்கேற்ற தனி அளவுகளை அறிவிக்க நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. சிறிய அளவு, வணிக அளவு எவை என்பதை அரசிதழ் அறிவிக்கை மூலம் நிர்ணயிக்கும் அதிகாரம் மத்திய அரசிடமே உள்ளது. 2001இல் அவ்வாறுதான் செய்தது. ஒரு செடிக்கும் ஒரு ஏக்கருக்கும் ஒரே தண்டனை என்ற 20ஆவது பிரிவின் முதல் உட்கூறை மாற்றுவதற்கு மட்டும் சட்டத் திருத்தம் தேவைப்படும்.