இறுதிப் படுக்கையும் இளம் வைத்தியரும்

நோயைத் தீர்த்தல் வைத்தியர் கடன் என்பதை யாவரும் அறிவோம். தீராத நோயுற்றார்க்கு அவர் ஆற்றவேண்டிய கடன் யாது என்று எண்ணுவோர் சிலரே. வைத்திய பீடம் புகும் மாணவரைப் பெருமையோடு வாழ்த்தியனுப்பும் நம் கல்லூரியின் மலரில் இவ்வினாவை எழுப்புதல் பொருத்தமெனக் கருதுகின்றோம்.

கிருலப்பனையில் வாழும் நமக்கு இது தொலைவிலுள்ள வினாவன்று. ஹைலெவல் வீதியால் மகரகமைக்குச் செல்லும் பஸ் வண்டிகளில், வைத்தியசாலைக் கடுதாசிகளைக் கையிற் பற்றியபடி அமர்ந்திருப்போரை நாடோறும் காண்கின்றோம். இன்று ‘அபேக்ஷா’ எனப் பெயர் பூண்ட புற்றுநோய் வைத்தியசாலையை நாடி மலையகத்திலிருந்தும் வடக்குக் கிழக்கிலிருந்தும் வருவோர் பலர். அவருட் பலர் நலம்பெற்று மீள்வர், சிலர் மீளார். அச்சிலரின் அருகே நிற்கவேண்டிய இளம் வைத்தியருக்கு நாம் கற்பித்தது யாது?

கொழும்பில் 1870 இல் தொடங்கிய வைத்தியக் கல்வி, நோயறியவும் அதனோடு போராடவும் வல்லார் பலரை நாட்டுக்குத் தந்துளது. ஆயின், மாணவர் புடைசூழ விடுதியைச் சுற்றிவரும் ஆசான், ‘இனிச் செய்வதொன்றுமில்லை’ எனப்பட்ட படுக்கையை மாத்திரம் விரைந்து கடப்பாராயின், பின்வரும் மாணவர் அவ்விரைவையே கற்பர். எந்நூலிலும் எழுதப்படாத பாடம் அது. எளிதில் மறவாத பாடமுமாகும்.

பரிவு பிறவிக்குணம், அதனைக் கற்பித்தல் இயலாது என்பார் உளர். நாம் அதற்கு உடன்படோம். இலண்டனில் 1967 இல் புனித கிறிஸ்தோபர் இல்லத்தை நிறுவிய சிசிலி சோண்டர்ஸ் அம்மையார், நோவு திரும்பிவரும்வரை காத்திராது, உரிய வேளைதோறும் மோர்பின் மருந்தைக் கொடுக்கும் முறையை நிலைநாட்டினார். உடல்நோவோடு மனக்கவலை, குடும்பத்துயர், ஆன்மிகக் கலக்கம் ஆகியவற்றையும் சேர்த்தே நோக்கவேண்டும் என்றார். இவை யாவும் பயின்று பெறும் திறன்களன்றோ?

சிக்காகோவில் 1965 இல் எலிசபெத் கூப்ளர் றொஸ் அம்மையார் மாணவருக்காக, இறக்கும் நிலையிலுள்ளாரோடு உரையாட முயன்றபோது, அத்தகைய நோயாளர் தம் விடுதியில் இல்லையென்றே வைத்தியர் பலர் மறுத்தனர். அவர் தளர்ந்திலர். நோயாளரே ஆசிரியராயினர், மாணவர் கேட்போராயினர். நமக்கு அணித்தாயுள்ள கோழிக்கோட்டிலோ, வைத்தியர் இராஜகோபால் முதலானோர் 1993 இல் தொடங்கிய பணி, அயலவரையும் துணைக்கொண்டு நோயாளரின் வீட்டு வாயிலுக்கே சென்றது. மருந்தும் மனிதத் துணையும் வேறுவேறல்ல என்பதை அது காட்டிற்று. நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என நான்கு கூறுகளையும் ஒருங்கே வைத்த வள்ளுவரின் நாட்டார்க்கு இது புதிதன்று.

நம் நாட்டிற்கு உரியதொரு குறையுமுண்டு. வைத்திய மாணவர் கற்பது ஆங்கிலத்தில்; நோயாளி அழுவது தமிழிலோ சிங்களத்திலோ. ‘இன்னும் எத்தனை நாள், ஐயா?’ என்று முதியவர் ஒருவர் கேட்குங்கால், மொழிபெயர்க்கத் தாதியைத் தேடுதல் தகுமா? 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த சாமுவேல் கிறீன், பிற்காலத்தில் அதனைத் தமிழிலேயே கற்பித்தார். நோயாளியின் மொழி வைத்தியத்தின் ஒரு கருவி என்பதை அன்றே உணர்ந்தார் அவர். இரு மொழியிலும் இறுதிநிலை உரையாடலைப் பயிற்றுதல் இன்று இன்றியமையாதது.

நோவு தணிக்கும் வைத்தியத்தை வைத்தியக் கல்வியிற் சேர்க்குமாறு உலக சுகாதார மன்றம் 2014 இல் நாடுகளை வேண்டியது. தீர்மானங்கள் தாமே கற்பிக்கமாட்டா. பரீட்சையில் வினவப்படாததை மாணவர் பயிலார். ஆசான் செய்து காட்டாததை நம்பார். ஆதலின் இது பரீட்சைக்குரிய பாடமாதல் வேண்டும். ஒவ்வொரு மாணவரும் மீளா நோயாளர் ஒருவரைச் சில வாரங்களேனும் தொடர்ந்து கண்டு, அவர்தம் குடும்பத்தாரோடும் பேசுதல் வேண்டும். உயிர் பிரிந்தபின் மாணவரின் மனச்சுமையைக் கேட்டாற்ற மூத்தவர் ஒருவரும் வேண்டும்.

வைத்தியராய் விளங்கும் பழைய மாணவர்களே, அடுத்தமுறை அப்படுக்கையைக் கடக்கும்போது சற்றே நில்லுங்கள். நாற்காலியை இழுத்து அமருங்கள். தேவாரம் கேட்க விரும்பும் மூதாட்டிக்கு அதற்கு வழிசெய்யுங்கள். உங்கள் பின்னே நிற்கும் மாணவர் அதனைக் காண்பர். நம்முள் எவர்க்கும் ஒருநாள் வரவிருக்கும் அப்படுக்கையருகே, அன்று கற்ற அம்மாணவரே வைத்தியராய் நிற்பர்.