கடலோரக் காவல் படை விமானிகளின் பணிவாழ்வு: வடசென்னைக் கரையிலிருந்து எங்கள் நிலைப்பாடு

இந்தியக் கடலோரக் காவல் படை விமானிகளின் பணிக்காலம், பதவி உயர்வு, பயிற்சி, அவர்கள் ஓட்டும் வானூர்திகளின் பாதுகாப்பு ஆகியவை பற்றி எங்கள் அமைப்பு எடுத்திருக்கும் நிலைப்பாட்டை இந்த அறிக்கை வழியாக வெளியிடுகிறோம். இராயபுரம் தொடங்கி எண்ணூர் முகத்துவாரம் வரையுள்ள மீனவர்கள், துறைமுகத் தொழிலாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள், படைகளில் பணியாற்றி ஓய்வு பெற்று இங்கே குடியிருப்பவர்கள் ஆகியோர் சேர்ந்தது எங்கள் அமைப்பு.

விமானிகளின் பதவி உயர்வைப் பற்றிக் காசிமேட்டு மீனவர்களுக்கு என்ன கவலை என்று சிலர் கேட்டார்கள். படையினரின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை அரசமைப்பின் 33ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்குத் தந்திருக்கிறது. சீருடையில் இருக்கும் ஒருவர் சங்கம் வைக்க முடியாது. மேலதிகாரி மீதோ ஓட்டும் ஹெலிகாப்டர் மீதோ உள்ள மனக்குறையைப் பத்திரிகையிடம் சொல்லவும் முடியாது. அவர் வாய் திறக்க முடியாத இடத்தில், நடுக்கடலில் அவருக்காகக் காத்திருக்கும் மக்களாகிய நாங்கள் பேசுகிறோம்.

நாங்கள் சொல்வது இதுதான். நல்ல உடல்தகுதியும் பறக்கும் திறனும் உள்ள விமானியை 14 ஆண்டுகளில் வீட்டுக்கு அனுப்பும் முறை ஒழிய வேண்டும். ஆணோ பெண்ணோ, தகுதி உள்ளவருக்கு நிரந்தரப் பணி கிடைக்க வேண்டும். இந்தக் கோரிக்கையிலிருந்து கிளைப்பவைதான் மற்றவை எல்லாம்.

பிரியங்கா தியாகி வழக்கை நாடு அறியும். 2009 டிசம்பரில் உதவி கமாண்டன்டாகக் குறுகிய காலப் பணியில் சேர்ந்த அவர் டோர்னியர் விமானத்தில் 4,500 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். பெண்கள் மட்டுமே கொண்ட டோர்னியர் குழுவில் இடம்பெற்றவர். 14 ஆண்டுகள் முடிந்ததும், 2023 டிசம்பரில் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். நிரந்தரப் பணி கேட்டு நீதிமன்றம் போனார். தரைப்படைப் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி தரச் சொல்லி 2020 பிப்ரவரியிலும், கடற்படைப் பெண் அதிகாரிகளுக்கு அடுத்த மாதமே மார்ச்சிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. கடலோரக் காவல் படை மட்டும் தனி வகை என்றது ஒன்றிய அரசு. பெண்களுக்குப் பத்து விழுக்காடு வரை நிரந்தரப் பணி உண்டு என்றும் சொல்லப்பட்டது. ஏன் பத்து விழுக்காடு, பெண்கள் என்ன குறைந்த மனிதர்களா என்ற பொருளில் நீதிபதிகள் கேட்டார்கள். 2024 ஏப்ரலில் அவரை மீண்டும் பணியில் சேர்க்க உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது.

தனி வகை என்ற வாதத்தை நாங்கள் ஏற்கவில்லை. அவர் பறந்த வானத்தில் ஆணுக்கு ஒரு காற்று, பெண்ணுக்கு ஒரு காற்று வீசவில்லை. மணிக்கணக்கில் கடலை நோக்கிப் பறந்து, தாழ இறங்கி, படகின் பெயரைப் படித்து, எண்ணெய்ப் படலத்தின் நீள அகலத்தைக் கணித்துத் திரும்பும் வேலை அது. அதில் பழக்கம்தான் பாதி. எங்கள் விசைப்படகுகளில் எந்த வெள்ளத்தில் எந்த மடையில் மீன் கிடைக்கும் என்று அறிந்த டிரைவரை, பதினான்கு வருடம் ஆயிற்று என்று சொல்லி எந்தப் படகு முதலாளியும் கரையில் இறக்கிவிட மாட்டார்.

பணத்தைப் பற்றியும் கூச்சமில்லாமல் பேசுகிறோம். முப்படை அதிகாரிக்கு முழு ஓய்வூதியம் வேண்டுமானால் பொதுவாக 20 ஆண்டுப் பணி தேவை. குறுகிய காலப் பணியோ எட்டு ஆண்டில் தொடங்கி, பத்து, பிறகு பதினான்கு என்று நீட்டிக்கப்பட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. இருபதுகளின் தொடக்கத்தில் சேர்ந்தவர் முப்பதுகளின் பிற்பகுதியில், பிள்ளைகள் பள்ளியில் படிக்கும்போது, அத்தகைய ஓய்வூதியமில்லாமல் வெளியே வருகிறார். சிவில் விமானத் துறைக்குப் போகலாமே என்பார்கள். அதற்குத் தனி உரிமம், தனித் தேர்வு, புதிய வகை விமானத்துக்கான பயிற்சி எல்லாம் வேண்டும். மணலி, எண்ணூர் ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்களாகவே வயதாகிப்போனவர்களின் பிள்ளைகள் நாங்கள். நிரந்தரம் ஆகாத வேலை வீட்டுக்குள் என்ன செய்யும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

படை இளமையாக இருக்க வேண்டும், மேல் பதவிகள் குறைவு, எல்லோரையும் வைத்துக்கொள்ள முடியாது என்ற மறுவாதத்தை மதித்தே பதில் சொல்கிறோம். எல்லோரும் தலைமை இயக்குநர் ஆக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பறக்கவும் கற்பிக்கவும் மட்டுமே விரும்பும் விமானிக்கு, கட்டளைப் பதவிகளுக்கான போட்டியில் சேராமலே ஊதியமும் மதிப்பும் உயரும் தனிப் பாதை வேண்டும். விமானப்படை தன் பயிற்றுநர்களை உருவாக்கத் தாம்பரத்தில் 1954 முதல் ஒரு பள்ளியே நடத்துகிறது. கடற்படையும் கடலோரக் காவல் படையும் தம் ஹெலிகாப்டர் விமானிகளை அரக்கோணம் ராஜாளித் தளத்தில் பழக்குகின்றன. இரண்டும் நம் கூப்பிடு தூரம். அங்கெல்லாம் நாற்பது வயது அனுபவசாலிக்கு இடமில்லை என்று சொன்னால் நம்புவதற்கில்லை.

ஆள் மிகுதியாக இருக்கிறார்கள் என்பதற்கும் சான்று இல்லை. கடலோரக் காவல் படைக்கு அடிப்படைப் பறக்கும் பயிற்சி தரும் விமானப்படையிலேயே பற்றாக்குறை. 2015 பிப்ரவரியில் 486 ஆக இருந்த விமானிகள் பற்றாக்குறை 2021 முடிவில் 596 ஆக உயர்ந்ததையும், ஆண்டுக்கு 222 பயிற்சி விமானிகளைச் சேர்க்கும் இலக்கு எட்டப்படாததையும் 2024 டிசம்பரில் வெளியான தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கை பதிவு செய்தது. 64 பிலாட்டஸ் பயிற்சி விமானங்களில் 16இல் எண்ணெய்க் கசிவு கண்டதையும் அதே அறிக்கை சொல்கிறது. புதியவர்களைப் பழக்கப் போதிய வழியில்லாத நாடு, பழகியவர்களை அனுப்பிவைக்கிறது.

இது எங்கள் கரையை எப்படித் தொடுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். 2020 ஜூலையில் காசிமேட்டிலிருந்து 10 பேருடன் போன ஒரு படகு திரும்பவில்லை. இன்ஜின் பழுதாகி, நீரோட்டம் இழுத்துப்போய், ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து மியான்மர் கரையில் கண்டுபிடிக்கப்பட்டது. பத்துப் பேரில் ஒருவர் ஊர் திரும்பவேயில்லை. அந்த வாரங்களில் இந்தத் தெருக்களில் ஒவ்வொரு வீட்டிலும் கேட்கப்பட்ட கேள்வி, விமானம் போயிற்றா, எவ்வளவு தூரம் தேடினார்கள் என்பதுதான். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி மீனவர்களும் அதையேதான் கேட்டார்கள், குழித்துறையில் ரயில் மறித்தார்கள். கடலில் தேடுதல், மீட்புக்கு இந்த நாட்டில் பொறுப்பு கடலோரக் காவல் படைக்கு. எண்ணெய்க் கசிவை எதிர்கொள்வதை ஒருங்கிணைக்கும் பொறுப்பும் அதனிடமே. 2017 ஜனவரி 28 அதிகாலை காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளியோடு கரையில் நின்றவர்கள் நாங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தை மூடி, காசிமேடு வரை பரவியபோது வலையை எரித்தவர்களும் நாங்கள். படலம் எங்கே போகிறது என்பது மேலே இருந்து பார்ப்பவருக்கே தெரியும். பார்க்கும் கண் எவ்வளவு பழகியது என்பதைப் பொறுத்தே கீழே எங்கள் வேலை அமைகிறது.

இனி ஹெலிகாப்டர்கள். 2022 நவம்பர் 30 அன்று கடலோரக் காவல் படையின் சென்னை விமானத் தளத்தில் 840 ஸ்குவாட்ரன் தொடங்கப்பட்டது. ரேடாரும் இரவுப் பார்வைக் கருவிகளும் ஆளைக் கயிற்றில் தூக்கும் வசதியும் கொண்ட துருவ் மார்க் 3 ஹெலிகாப்டர்கள் வந்தன. ஐம்பதுகளின் பிற்பகுதி வடிவமைப்பான, ஒற்றை இன்ஜின் கொண்ட சேட்டக் ஹெலிகாப்டரை நம்பியிருந்த கரைக்கு அது பெரிய பலம். இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 2024 செப்டம்பர் 2 இரவு, போர்பந்தருக்கு அப்பால் ஒரு கப்பலில் காயமடைந்தவரை எடுத்துவரப் போன துருவ் கடலில் விழுந்தது. அதிலிருந்த நால்வரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். 2025 ஜனவரி 5 அன்று, அதே போர்பந்தரில், வழக்கமான பயிற்சிப் பறத்தலின்போது இன்னொரு துருவ் விழுந்து மூவர் இறந்தனர். அதன் பிறகு நாட்டின் எல்லாப் படைகளின் துருவ்களும், ஏறக்குறைய 330, தரையில் நிறுத்தப்பட்டன. சுழலியின் கோணத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்வாஷ் பிளேட் முறிந்தது விசாரணையில் தெரிந்தது. தரைப்படை, விமானப்படை ஹெலிகாப்டர்கள் 2025 மே மாதம் பறக்க அனுமதி பெற்றன. கடல்மேல் பறப்பவை அதன் பிறகும் தரையிலேயே நின்றன.

ஹெலிகாப்டர் நிற்கும்போது விமானியின் கையும் நிற்கிறது. இரவில் ஆடும் கப்பல் தளத்தில் இறங்குவது, அலைமேல் அசையாமல் நின்று ஆளைத் தூக்குவது போன்றவை மாதக்கணக்கில் விட்டுவிட்டு நினைத்தவுடன் செய்யக்கூடியவை அல்ல. இப்படி இழந்த மணிகளுக்குப் பதில் பயிற்சி என்ன, சிமுலேட்டர் நேரம் எத்தனை, அந்த இடைவெளி பதவி உயர்வுக் கணக்கில் விமானிக்கு எதிராக எழுதப்படுமா என்பதைப் படை தெளிவாக அறிவிக்க வேண்டும். இயந்திரத்தின் குறைக்கு விமானியின் ஆண்டறிக்கையில் தண்டனை இருக்கக் கூடாது.

விபத்து விசாரணை எங்களுக்கு இதைவிடவும் முக்கியம். அகமதாபாத்தில் 2025 ஜூன் 12 அன்று ஏர் இந்தியா விமானம் விழுந்தது. ஒரு மாதத்துக்குள் முதற்கட்ட அறிக்கை பொதுமக்கள் கைக்கு வந்தது. அதில் சொன்னதும் சொல்லாததும் விவாதிக்கப்பட்டன. படை விமானம் விழுந்தால் அந்த வழி இல்லை. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே விழுந்த ஹெலிகாப்டரில் முப்படைத் தலைமைத் தளபதி உட்பட 14 உயிர்கள் போயின. மூன்று ஆண்டுகள் கழித்து நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையின் அட்டவணையில் அதற்குக் காரணமாக இருந்தது, விமானக் குழுவின் மனிதப் பிழை என்ற ஒரு வரி. இறந்த விமானி மறுமொழி சொல்ல வரமாட்டார். அந்த வானிலையில் புறப்படச் சொன்னது யார், மறுக்க விமானிக்கு உரிமை இருந்ததா, அப்படி மறுத்தால் அவர் பணிப்பதிவில் என்ன எழுதப்படும் என்ற கேள்விகள் அந்த ஒரு வரிக்குள் அடங்கவில்லை. 2015 ஜூன் 8 மாலை சென்னையிலிருந்து கிளம்பி, ரோந்து முடித்துத் திரும்பும் வழியில் காணாமல் போன கடலோரக் காவல் படை டோர்னியரையும், அதிலிருந்த மூவரையும் இந்தக் கரை மறக்கவில்லை. ஒரு மாதத் தேடலுக்குப் பிறகு கடலூருக்கு அப்பால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் அதன் சிதைவு கிடைத்தது. போர் இரகசியம் எதுவும் இல்லாத இத்தகைய விபத்துகளின் விசாரணைச் சுருக்கத்தை, காரணமும் திருத்தமும் தெரியும்படி, ஆறு மாதத்துக்குள் வெளியிட வேண்டும். பறக்க மறுத்த விமானியின் முடிவைப் பதவி உயர்வுக் குழு அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று எழுத்தில் விதி வேண்டும்.

குறையை எங்கே சொல்வது என்பதிலும் இந்தப் படைக்கு ஓர் அநீதி நடக்கிறது, பலருக்கும் தெரியாதது. தரைப்படை, கடற்படை, விமானப்படையினருக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. அதன் கிளை ஒன்று சென்னையிலேயே உள்ளது. கடலோரக் காவல் படை அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. பதவி உயர்வு மறுக்கப்பட்ட அதிகாரி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டும், வழக்கறிஞர் வைக்க வேண்டும், ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழேயே இயங்கும் படைக்கு இந்த வாசல் ஏன் அடைத்திருக்கிறது? படைக்குள் தொழிற்சங்கம் வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. ஆனால் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூரில் பிறந்த பகுதி இது. 1946 பிப்ரவரியில் பம்பாய்க் கடற்படை மாலுமிகள், கெட்ட சோற்றையும் அதிகாரிகளின் இழிசொல்லையும் சகிக்காமல் வேலைநிறுத்தம் செய்தபோது ஆதரவாகக் கடையடைத்த நகரம் இது. முறையிட வாசல் இல்லாத இடத்தில் மனக்குறை எப்படி முற்றும் என்பது இங்கே பழைய பாடம். படைத் தீர்ப்பாயச் சட்டத்தைத் திருத்தி, கடலோரக் காவல் படையையும் அதன் வரம்பில் சேர்க்க வேண்டும். இதை வடசென்னை நாடாளுமன்ற உறுப்பினர் அவையில் எழுப்ப வேண்டும் என்று கேட்டு எழுதுகிறோம்.

நல்லது நடந்ததையும் சொல்கிறோம். 2024 ஆகஸ்டில் சென்னையில் கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குப் புதிய கட்டடமும், சென்னைத் துறைமுகத்தில் கடல் மாசு எதிர்கொள்ளும் மண்டல மையமும் திறக்கப்பட்டன. இரண்டும் எங்களுக்குத் தேவையானவை. அந்த மீட்பு மையத்தில் அவசர அழைப்பை எடுப்பவருக்குப் பக்கத்தில், ஆயிரக்கணக்கான மணி நேரம் இதே கடல்மேல் பறந்த ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். நிரந்தரப் பணி கிடைக்கும் மூத்த விமானிகளுக்கு இது பொருத்தமான இடம்.

கடைசியாக ஒரு கூட்டத்தாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரியங்கா தியாகி வழக்குப் போட்டார், நீதிமன்றம் கேட்டது. வழக்குச் செலவுக்கு வழியில்லாமலோ, படைக்கு எதிராக நீதிமன்றம் ஏற மனம் வராமலோ, 14 ஆண்டு முடிந்ததும் சத்தமில்லாமல் வெளியேறியவர்களும் இருக்கிறார்கள். வழக்கின் இறுதி முடிவு எதுவானாலும், பலன் மனுதாரருடன் நின்றுவிடக் கூடாது. 2020 தீர்ப்புகளுக்குப் பிறகு விடுவிக்கப்பட்ட எல்லாக் குறுகிய கால விமானிகளின் கோப்புகளையும் படை தானாகவே மறுபரிசீலனை செய்ய வேண்டும். பறக்கத் தகுதியுள்ளவர்களைத் திரும்ப அழைக்க வேண்டும். திரும்ப முடியாதவர்களுக்கு, அவர்கள் பணியாற்றிய ஆண்டுகளுக்கு ஏற்ற விகிதத்தில் ஓய்வூதியம் வழங்க வேண்டும்.